குடையும் வரியும்

இந்தியத் திருநாட்டின் முதல் மாநகராட்சி எது என வினவினால், பள்ளிப் பிள்ளைகளும் தயங்காது விடை பகர்வர்: சென்னை, 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள். ஆண்டும் நாளும் பாடநூலில் உள்ளன. அம்மன்றம் எதன் பொருட்டுப் பிறந்தது என்பது மட்டும் அங்கே இல்லை. கும்பெனியார் நம் மக்கள்பால் கொண்ட பரிவினால் தன்னாட்சி வழங்கினர் என எண்ணிக்கொள்வாரும் உளர். உண்மை வேறு. கட்டவேண்டிய மதில் ஒன்று இருந்தது. கட்டுவதற்குப் பணம் இல்லை. பணம் கேட்டபோது மக்கள் கடைகளை அடைத்தனர். அந்தக் கடையடைப்புக்கு இலண்டன் மாநகரில் கண்டெடுக்கப்பட்ட மறுமொழியே மாநகராட்சி என்னும் அமைப்பு.

இதனை இப்பொழுது எடுத்தெழுதக் காரணம் உண்டு. எங்கள் உளுந்தூர்பேட்டை 2021-ஆம் ஆண்டில் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே வரிச் சீட்டுகளில் எண்கள் மாறின. தேநீர்க் கடைகளிலும், அஸர் தொழுது முடித்துப் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் வேளைகளிலும் அதுவே பேச்சாயிற்று. "ஊராட்சி வரவுக்கு மேல் செலவு செய்தால் அதற்கு நாமா பிணை?" என்பார் ஒருவர். "விளக்கு எரிய வேண்டும், குப்பை அள்ள வேண்டும், பணம் வானத்திலிருந்தா வரும்?" என்பார் மற்றொருவர். இவ்விருவர் வழக்கும் நேற்றுப் பிறந்ததன்று. இதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. அரபு நாட்டு வரலாற்றில் அதனினும் பழமையான சான்று உண்டு.

முதலில் சென்னையைக் காண்போம். 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து கும்பெனியார் பெற்ற கடற்கரை மணலில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பக்கத்தில், நம்மவர் குடியிருப்பு வளர்ந்தது. வெள்ளையர் அதனைக் 'கறுப்பர் நகரம்' என்றனர். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும், நெசவாளரும் சாயம் தோய்ப்போரும், தரகரும் படகோட்டிகளும் அங்கே வாழ்ந்தனர். நாட்டின் உரிமை பின்னர்க் கோல்கொண்டா சுல்தானுக்கு உரியதாயிற்று. 1672-இல் சுல்தானின் ஆளுநர் நெக்நாம் கான் கும்பெனியாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு 1,200 வராகன் கட்டினால் போதும். நகர நிர்வாகத்தில் சுல்தானின் அலுவலர் தலையிடார். ஒரு துறைமுக நகரின் வருவாய் முழுவதையும் 1,200 வராகனுக்கு விட்டுக்கொடுத்த அந்த உடன்படிக்கையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டுவது ஒன்றே: ஊரின் சுங்க வருவாய் கும்பெனியாரின் கைக்குப் போயிற்று; ஊரைக் காக்கும் பொறுப்பும் அவர்கள் தலைமேல் ஏறிற்று.

வருவாயை விரும்பினர், பொறுப்பை விரும்பினாரில்லர். 1677-இல் சிவாஜியின் படை இந்நிலப்பகுதி வழியே தெற்கு நோக்கிச் சென்றபோது சென்னை நடுங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ஒளரங்கசீப் ஆலம்கீரின் படை தக்காணத்தில் இறங்கி, 1687-இல் கோல்கொண்டாவையே வென்றது. கறுப்பர் நகரத்திற்கு வலுவான மதில் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. செலவு யாருடையது என்பதே கேள்வி. இலண்டனில் இருந்த கும்பெனி இயக்குநர்கள் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களின் சாரம் இதுதான்: மதிலுக்குள் வாழ்கிறவன் மதிலுக்குப் பணம் கொடுக்கட்டும்.

வீட்டின்மேல் வரி என்பது அதற்கு முன்னரே சிறிய உருவில் தோன்றிவிட்டது. 1678-இல், ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்பார் கோட்டைத் தலைவராயிருந்தபோது, தெருக்களைத் துப்புரவாக வைத்திருக்க ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டு, அதன் செலவுக்கென வீடுகள்மீது ஒரு சிறு தொகை விதிக்கப்பட்டது. தொகை சிறிது, முணுமுணுப்பு பெரிது. நம் நாட்டில் நிலத்துக்கு வரி உண்டு, சந்தைக்கு வரி உண்டு, துறைக்குச் சுங்கம் உண்டு. ஒருவன் தன் பெண்டு பிள்ளைகளோடு உறங்கும் கூரைக்கு, நாணய வடிவில், ஆண்டுதோறும் வரி என்பது மக்கள் மனத்துக்கு ஒவ்வாத புதுமை. வீடு வருவாய் தருவதன்று, வருவாயை விழுங்குவது. வருவாய் தராத பொருளுக்கு வரி எவ்வாறு என்பது அவர்களது எளிய கேள்வி. இக்கேள்வியை நாம் பின்னர்க் காசியிலும் கேட்கப் போகிறோம்.

1686-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வில்லியம் கிஃபோர்டு என்பார் தலைவராயிருந்த காலத்தில், மதிலுக்கான வரி அறிவிக்கப்பட்டது. சாதித் தலைவர்கள் ஒன்றுகூடி முறையிட்டனர். முறையீடு எடுபடவில்லை. மறுகணம் கறுப்பர் நகரம் தன் வாயை மூடிக்கொண்டது. கடைகள் அடைக்கப்பட்டன, தானியமும் பிற உணவுப் பொருள்களும் உள்ளே வராதவாறு தடுக்கப்பட்டன. கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் தம் அரிசிக்கும் ஆட்டிறைச்சிக்கும் அந்தக் கடைத்தெருவையே நம்பியிருந்தனர் என்பதை நினைவிற் கொண்டால் இதன் கூர்மை விளங்கும். கும்பெனியார் முரசறைந்தனர்: பணியாத தலைவர்களின் வீடுகள் இடிக்கப்படும், அவர்கள் ஊரைவிட்டு அகற்றப்படுவர். தலைவர்கள் பணிந்தனர். கடைகள் திறந்தன.

வென்றவர் யார்? ஏட்டைப் படித்தால் கும்பெனியார் வென்றதாகவே தோன்றும். ஆனால் வீட்டை இடிப்பதாக மிரட்டி ஒருமுறை பணம் வாங்கலாம். ஆண்டுதோறும் வாங்க முடியாது. குடிகள் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டால் மதில் எதைக் காக்கும்? சாந்தோமில் போர்த்துக்கீசியர் இருந்தனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இருந்தனர். நெசவாளனுக்குத் தறி எங்கும் தறிதான். இதனை நன்கு உணர்ந்த ஒருவர் இலண்டனில் இருந்தார். அவர் பெயர் ஜோசையா சைல்டு, கும்பெனியின் தலைவர், வணிகத் தந்திரத்தில் ஒப்பாரில்லாதவர்.

1687-இல் சென்னைக்கு எழுதப்பட்ட கடிதங்களில் அவர் தம் கருத்தை ஒளிவுமறைவின்றி வைக்கிறார். மக்கள் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டால் பொது நன்மைக்காக ஐந்து ஷில்லிங் மனமுவந்து கொடுப்பர்; நம் தனியதிகாரத்தால் விதித்தால் ஆறு பென்ஸும் கொடார் என்பது அக்கருத்தின் சாரம். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். கணக்குப் போட்டால் பத்து மடங்கு வேறுபாடு வருகிறது. பிறிதொரு கடிதத்தில் இன்னும் வெளிப்படை: நாட்டு மக்களையும் ஆங்கிலேயரையும் கலந்து ஒரு மன்றம் அமைத்து, அதன் உறுப்பினர்க்குச் சில பெருமைகளை வழங்கினால், சிறிது அதிகாரம் எவரையும் மகிழ்விக்கும் ஆதலால், நம் ஆட்சி எள்ளளவும் குறையாமல் அவர்களைக்கொண்டு நாம் பயன் பெறலாம் என்கிறார். நேயர்கள் இதனை இருமுறை படிக்க வேண்டும். உள்ளாட்சி என்னும் மரத்தின் விதை இந்த நாட்டில் எந்த நோக்கத்தோடு ஊன்றப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான வாக்குமூலம் வேண்டுவதில்லை.

1687 டிசம்பர் 30-ஆம் நாளிட்ட சாசனம் வந்து சேர்ந்தது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மென், அறுபது நகரத்தார். மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். எலிஹு யேல் ஆளுநராயிருந்தார். ஆல்டர்மென் பன்னிருவரில் மூவர் ஆங்கிலேயர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், இருவர் போர்த்துக்கீசியர், மூவர் யூத வணிகர், மூவர் இந்துக்கள். சின்ன வேங்கடாத்திரியும் ஆலங்காத்தா பிள்ளையும் இம்மூவருள் அடங்குவர். முஸ்லிம் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்று இலண்டன் கடிதம் கூறியிருந்தது. முதற்பட்டியலில் அவ்விடம் நிரம்பவில்லை. சாதித் தலைவர்களிற் பெரியோரை உள்ளே அழைத்து அமரவைப்பதே நோக்கம் என்பது இப்பட்டியலைக் கண்டாலே புலனாகும். முன்பு கடையடைப்புக்குத் தலைமை தாங்கும் இடத்தில் இருந்த வகையினர், இப்பொழுது வரி விதிக்கும் இடத்தில் இருந்தனர்.

அவர்களுக்கு வழங்கப்பட்ட பெருமைகளைப் பாருங்கள்: பட்டு அங்கிகள், முன்னே எடுத்துச்செல்ல வெள்ளிக் கோல்கள், விழாக் காலங்களில் குதிரைமீது ஊர்வலம், எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவிற் செல்லும்போது தலைமேற் குடை பிடித்துக்கொள்ளும் உரிமை! தமிழ் படித்தவர்க்குக் குடை என்றால் என்ன பொருள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. குடிகளுக்கு நிழல் தருவது அரசனின் குடை என்று நம் புலவர்கள் பாடினர். இந்தக் குடையோ பிடித்துக்கொண்டவர்க்கு மட்டும் நிழல் தந்தது.

மன்றத்துக்கு இடப்பட்ட பணிகளில் நல்லனவும் இருந்தன என்பதை மறைப்பது முறையன்று. நகர மண்டபம் ஒன்று, சிறைச்சாலை ஒன்று, நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பள்ளி ஒன்று ஆகியவற்றைக் கட்ட வேண்டும். அதற்கு வரி விதிக்கலாம். ஆயின் நடந்தது சைல்டு எண்ணியதற்கு மாறானது. பட்டு அங்கியணிந்து குடைக்கீழ் வந்த தம் சொந்தத் தலைவர்கள் கேட்டபோதும் மக்கள் அசையவில்லை. தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரி எது, பிறர் விதித்த வரியைத் தம்மவர் வாயால் கேட்பது எது என்று பிரித்தறிய அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேர்வரி பெயராத நிலையில், மன்றத்தார் நுகர்பொருள்கள்மேல் தீர்வை வாங்க அனுமதி கேட்டு ஆளுநரிடம் போகவேண்டியதாயிற்று. பின்னாளில், 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழியே மன்றம் திருத்தியமைக்கப்பட்டபோது, அது பெரும்பாலும் ஒரு நீதிமன்றமாகவே நிலைபெற்றது. வீட்டின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வரி வாங்கலாம் என்ற சட்டம் 1793-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலிருந்து வரவேண்டியிருந்தது. மதிலுக்கு வரி கேட்ட நாளிலிருந்து அதற்கு 107 ஆண்டுகள் ஆயின.

இனி அரபு வரலாற்றுக்குச் செல்வோம். கருவூலம் வெறுமையாயிருக்கும்போது ஆட்சியாளர் குடிகளிடம் புதிதாகக் கேட்கலாமா என்னும் வினாவுக்கு மார்க்க அறிஞர்கள் விரிவான விடை தந்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதனை ஆராய்ந்து, பைத்துல்மாலில் பொருளில்லாமல் படையினர்க்குக் கொடுக்க வழியற்று நாடு ஆபத்துக்குள்ளாகும் நிலையில் செல்வர்மீது விதிக்கலாம் என்று வரையறுத்தார்கள். நூலில் வரையறுப்பது ஒன்று. அரண்மனையில் நின்று சொல்வது வேறு. அவ்வாறு நின்று சொன்னவர்கள் 'சுல்தானுல் உலமா' எனப் புகழப்படும் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 657. முந்திய ஆண்டு பக்தாது தாத்தாரியர் கையில் வீழ்ந்துவிட்டது. அலெப்போவின் பேரறிஞர் இப்னுல் அதீம் உதவி வேண்டிக் கெய்ரோவுக்குத் தூது வந்திருக்கிறார். அரியணையில் இருப்பவன் சிறுவன்; அதிகாரம் தளபதி குத்துஸின் கையில். போருக்குப் பணம் வேண்டும். மக்களிடம் வாங்கலாமா என்று காளிகளையும் அறிஞர்களையும் கூட்டி வினவுகின்றனர். எண்பது வயதை எட்டிய இமாமவர்கள் தந்த தீர்ப்பு இது: பகைவன் நாட்டைத் தாக்கும்போது மக்களிடம் பெறலாம், ஆனால் பைத்துல்மாலில் ஒன்றும் எஞ்சியிருக்கலாகாது, உங்களிடமுள்ள பொன் கச்சைகளையும் விலையுயர்ந்த அணிகலன்களையும் விற்றுவிட வேண்டும், ஒவ்வொரு வீரனும் தன் குதிரையும் ஆயுதமும் மட்டும் வைத்துக்கொண்டு பொதுமக்களோடு சமநிலைக்கு வரவேண்டும். தளபதிகளிடம் செல்வம் எஞ்சியிருக்கையில் பொதுமக்களிடம் வாங்குவது ஆகாது.

நம் மேடைகளில் இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. இத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு ரமலானில் ஐன் ஜாலூத் களத்தில் கிடைத்த வெற்றிக்குத் தாவிவிடுவது வழக்கம். வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குத்துஸ் எகிப்து மக்கள்மேல் பல புதிய வரிகளை விதித்தே படைக்குப் பொருள் திரட்டினார். தலைக்கு ஒரு தீனார் என்பது ஒன்று. வீடு முதலிய சொத்துகளை மதிப்பிட்டு வாங்கியது மற்றொன்று. வெற்றிக்குப் பின் அவரைக் கொன்று அரியணை ஏறிய பைபர்ஸ், மக்களின் மனத்தைப் பெறுவதற்காக முதன்முதலாகச் செய்தவற்றுள் ஒன்று அவ்வரிகளை நீக்கியது. நாம் அறிந்தவரை இதனை எடுத்துச் சொல்லும் பேச்சாளர் அரியர். சொல்வதனால் இமாமவர்களின் பெருமை குன்றாது, கூடவே செய்யும். தீர்ப்பு கொடுப்பது அறிஞர் கடமை. அதனை ஆட்சியாளர் அரைகுறையாகக் கேட்டனர் என்பது ஆட்சியாளரைப் பற்றிய செய்தி. இமாமவர்கள் வைத்த நிபந்தனையில் முதலாவது கணக்கு என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம். கருவூலம் உண்மையில் வெறுமைதானா? அதனைக் காட்டு, பின்னர்க் கேள்.

கணக்குக் காட்டாமற் கேட்டதன் விளைவைக் கும்பெனியார் வட இந்தியாவில் இருமுறை கண்டனர். 1810-ஆம் ஆண்டு, 15-ஆம் ஒழுங்குவிதியின் கீழ், காசி, பாட்னா, டாக்கா முதலிய நகரங்களில் வீட்டு வரி விதிக்கப்பட்டது. போர்களால் வற்றிய கருவூலத்தை நகரத்துக் கூரைகளைக்கொண்டு நிரப்பும் முயற்சி அது. காசியில் அதற்கு முந்திய ஆண்டில்தான் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கொடுமை நிகழ்ந்திருந்தது. அதே நகரத்தார், ஓராண்டு கழித்து, வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்புற வெளியில் ஒன்றாக அமர்ந்தனர். கொல்லர், நெசவாளர், நாவிதர், படகோட்டி என ஒவ்வொரு தொழிலாரும் தொழிலை நிறுத்தினர். மார்கழிக் குளிரில், ஆயிரக்கணக்கானோர், கையில் ஆயுதமின்றி. அவர்களுடைய முறையீட்டில் ஒரு வாதம் நம் உள்ளத்தைத் தொடுகிறது: முன்னிருந்த சுல்தான்கள் எவரும் குடிகளின் வாழ்விடத்தின்மேல் அரசிறை கேட்டதில்லை. ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் எழுந்த அதே மனக்குறை இது. இறுதியில் அரசு அவ்வரியைக் கைவிட்டது. தருமபால் என்னும் அறிஞர் இந்நிகழ்ச்சிகளின் அரசு ஆவணங்களை 1971-இல் நூலாக வெளியிட்ட பின்னரே நம் நாட்டார் இதனைப் பரவலாக அறிந்தனர்.

மற்றொன்று பரேலி நகரில் நடந்தது. அதனை எழுதக் கை நடுங்குகிறது. 1816-இல் அங்கே காவற்காரர்க்குச் சம்பளம் கொடுக்க என்று வீடுதோறும் சௌகிதாரி வரி கொண்டுவரப்பட்டது. தம் தெருவுக்குத் தாமே காவல் வைத்துக்கொண்டிருந்த மக்கள், தம்மை அடக்கும் காவலர்க்குத் தாமே சம்பளம் கொடுப்பதா என்று குமுறினர். இங்கும் முதலில் நடந்தது கடையடைப்பும் முறையீடுமே. வரி வாங்கப்போன காவலரால் ஒரு பெண் காயமுற்றாள். மக்கள் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு முஃப்தி முஹம்மது இவஸ் அவர்களிடம் வந்தனர். அவர் முதியவர்; இரு சமயத்தாராலும் மதிக்கப்பெற்றவர். ஏப்ரல் 16-ஆம் நாள் நீதிபதியின் படையினரோடு நேர்ந்த மோதலில் முஃப்தி அவர்களும் சிறிது காயமடைந்தார்கள். அதன்பின் கட்டுக்கடங்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆயுதம் தாங்கியோர் திரண்டனர். ஏப்ரல் 21-ஆம் நாள் நடந்த சண்டையில் மக்கள் தரப்பில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

காசியில் ஒரு குண்டும் வெடிக்காமல் வரி போயிற்று. பரேலியில் முந்நூறு உயிர் போயிற்று. வீர வரலாறு என்று பரேலியைப் பாடுவோர் காசியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. முஃப்தி அவர்களை நாம் குறை கூறவில்லை. காயமுற்ற பெண்ணைக் கட்டிலில் கொண்டுவந்து வாசலில் வைத்தால், கற்றறிந்த முதியவர் ஒருவர் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? ஆயினும் கூட்டம் திரண்டபின் அது எவர் சொல்லுக்கும் கட்டுப்படுவதில்லை.

நம் பழைய சென்னை மாகாணத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி உண்டு. குண்டூர்ப் பக்கத்தில் சீராலா, பேராலா என்னும் இரட்டை ஊர்கள்; நெசவாளர் மிகுந்தவை. சிற்றூர்களாக ஏறத்தாழ 4,000 ரூபாய் வரி கட்டிவந்த இவ்வூர்களை அரசு நகராட்சியாக்கியதும் வரி பல மடங்கு பெருகிற்று. "எங்களுக்கு நகராட்சியே வேண்டாம்" என்றனர் மக்கள். வரி கட்ட மறுத்தோர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார். 1921 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே வந்தபோது வழி கேட்டனர். நகராட்சி எல்லைக்குள் குடியிருந்தால்தானே வரி? எல்லையை விட்டே வெளியேறலாம் என்னும் வழியை மக்கள் தேர்ந்தனர். துக்கிரால கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் ஊரில் பெரும்பாலோர், 15,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர், வீடுகளைத் துறந்து வெளியே ஓலைக் குடிசைகள் போட்டு, அதற்கு இராமநகர் எனப் பெயரிட்டு, வெயிலிலும் மழையிலும் பதினொரு மாதம் வாழ்ந்தனர். பசியும் நோயும் வந்தன. தலைவர் ஓராண்டுத் தண்டனை பெற்றுத் திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு வந்தார். மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். அக்காலத்தில் மாகாண உள்ளாட்சித் துறை இந்தியரான பனகல் அரசரின் கையில் இருந்தது என்பது நோக்கத்தக்கது. இரட்டையாட்சி முறையில் இந்திய அமைச்சர்களுக்குத் தரப்பட்டவை செலவு மிகுந்த துறைகள். பணம் வரும் துறைகள் வெள்ளையரிடமே இருந்தன. குடை பிடித்துக்கொண்டவர் மாறினார். சைல்டின் கணக்கு மாறவில்லை.

வெள்ளையர் போயினர். இப்பொழுது மன்றத்தில் இருப்போர் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். 1688-ஐ இன்றைக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். 1992-இல் செய்யப்பட்ட 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. ஆனால் பணம்? பெரிய வரிகள் மத்திய அரசிடமும் மாநில அரசிடமும் உள்ளன. நகராட்சிக்கென்று சொந்தமாக எஞ்சியவற்றுள் முதன்மையானது அதே பழைய வீட்டு வரி. அதையும் ஆட்சியாளர்கள் நெடுங்காலம் தொடவில்லை. சென்னையில் 1998-லும், பிற நகராட்சிகளில் 2008-லும் பொதுச் சீராய்வு நடந்ததோடு சரி. 2018-இல் ஒரு முயற்சி நடந்து, எதிர்ப்பினால் 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தலுக்கு அஞ்சி வரியை உயர்த்தாமல் வைத்திருந்து, பற்றாக்குறை முற்றிய பின் ஒரே நாளில் ஏற்றுவதை எந்த வணிகனும் நல்ல கணக்கு என்று சொல்லமாட்டான்.

பதினைந்தாவது நிதிக்குழு நகராட்சிகளுக்கு மானியம் வழங்க இரு நிபந்தனைகள் வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுமக்கள் எவரும் காணுமாறு வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. 2022 ஏப்ரல் முதல் நாள் தமிழக அரசின் அறிவிப்பு வந்தது. நம்மைப் போன்ற நகராட்சிகளில், 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25 உயர்வு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேற்பட்டால் 100. கடைகளுக்கு 100. சிறு வீட்டார்க்குக் குறைவு, பெரு வீட்டார்க்கு மிகுதி என்னும் இவ்வடுக்கு கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் செல்வர்மீது என்று வரையறுத்ததற்கு ஓரளவு நெருங்கி வருகிறது. அதனை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. எதிர்க்கட்சியினர் மாநிலமெங்கும் ஆர்ப்பாட்டம் நடத்தினர். பிறகு அவரவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினர்.

நிபந்தனைகள் இரண்டில் முதலாவது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தாளாக வந்துவிட்டது. இரண்டாவதைத் தேடிப் படித்தோர் எத்தனை பேர்? நம் மஹல்லாக்களில் ஜமாஅத் கணக்கை ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் படித்துக் காட்டும் வழக்கம் உண்டு. விளக்கெண்ணெய்ச் செலவிலிருந்து பாய் வாங்கியது வரை ஒருவர் படிப்பார். ஒரு முதியவர் எழுந்து, "சென்ற ஆண்டு சுண்ணாம்புக்கு இவ்வளவு ஆகவில்லையே" என்று கேட்பார். அந்த முதியவரை அனைவரும் தொல்லை என்றே எண்ணுவர். ஆயினும் அவர் கேட்பார் என்பதனாலேயே சுண்ணாம்புக் கணக்கு ஒழுங்காயிருக்கும். நகராட்சியின் தணிக்கைக் கணக்கு வெளியாகும்போது எழுந்து கேட்கும் முதியவர் எவரும் நம்மிடையே இன்னும் தோன்றவில்லை. கோபம் சீட்டைக் கண்டபோது வந்தது. கணக்கைக் காண வேண்டும் என்னும் ஆவல் வரவில்லை.

தென்னார்க்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மாவட்டப் பெயர் மாறிக்கொண்டே வந்த இவ்வூரில், நகராட்சி மன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் நாள். உறுப்பினர்கள் மார்ச்சுத் திங்களில் பதவியேற்றனர். சொத்து வரி உயர்வின் அறிவிப்பு வெளியானது, அவர்கள் நாற்காலியில் அமர்ந்து ஒரு மாதம் நிறைவதற்குள். உயர்வு எவ்வளவு என்பது சென்னையில் முடிவாகியிருந்தது. அதனைத் தம் தீர்மானமாக ஏற்று நிறைவேற்றும் கடமை தமிழகமெங்கும் நகர மன்றங்களுக்கு விடப்பட்டது.